செட் மாத்திரை

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரல. கடலைக்காய் புடுங்கற சோலி, நடுவுல மழை, மாடு வேற கன்னு போட்டுச்சு. இன்னைக்கு எழுத உக்காந்தது விவசாயத்தைப் பத்தி இல்லீங்க. மாத்திரையைப் பத்தி.

பட்டணத்துல இருக்கறவங்களுக்கு 'செட் மாத்திரை'ன்னா என்னன்னு தெரியுமோ என்னமோ. எங்க பக்கத்துல மெடிக்கல் கடைக்குப் போயி, "மேலு வலி, ஒரு செட்டு குடுங்க"ன்னா போதும். கடைக்காரர் நாலஞ்சு டப்பாவுல இருந்து ஒவ்வொரு மாத்திரையா கத்தரியில வெட்டி எடுத்து, சின்ன காகிதக் கவருல போட்டு மடிச்சுக் குடுப்பார். ஒரு கவரு ஒரு வேளைக்கு. கவருல மருந்துப் பேரு இருக்காது, தேதி இருக்காது. அட்டையை வெட்டும்போதே பேரு அச்சடிச்ச பக்கம் டப்பாவுலயே தங்கிப் போயிரும். சளிக்கு ஒரு செட்டு, வயித்தாலைக்கு ஒரு செட்டு, மேலு வலிக்கு ஒரு செட்டு. நானும் வருசக்கணக்கா வாங்கியிருக்கேன். வாங்கிட்டு வந்து வீட்டுக்காரி கையில குடுத்திருக்கேன். அதை இப்ப நெனச்சா எனக்கே கஷ்டமா இருக்கு.

எங்க ஊரு ஊத்துக்குளிக்கும் குன்னத்தூருக்கும் நடுவால. மூணரை ஏக்கரா, ஒரு கிணறு, ரெண்டு மாடு. இந்த வட்டாரத்துல விவசாயம்னு சொல்றவங்க வீட்லயும் ஒருத்தராவது பனியன் கம்பெனிக்குப் போறவங்க இருப்பாங்க. காலையில கம்பெனி வண்டி வந்து கை காட்டியில நிக்கும். எட்டரைக்கு மிஷின் ஓட ஆரம்பிச்சா ஒண்ணரை ஷிப்ட் முடிச்சு வீடு வந்து சேர ராத்திரி ஒம்பது, ஒம்பதரை ஆயிரும். ஆரம்ப சுகாதார நிலையம் நல்லாத்தான் இருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனா அங்க ஓ.பி. பாக்கற நேரம் இவங்க மிஷின் முன்னால உக்காந்திருக்கற நேரம். ஒரு நாள் போகோணும்னா ஒரு நாள் சம்பளம் போச்சு. பீஸ் ரேட்டுல இருக்கறவங்களுக்கு அதுக்கும் மேல. அதனால ராத்திரி பத்து மணி வரைக்கும் தொறந்திருக்கற மெடிக்கல்தான் இவங்களுக்கு ஆஸ்பத்திரி. ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்திருக்கற பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அவங்க பாஷை பேசற ஒரே இடமும் அதுதான். எங்க கை காட்டி மெடிக்கல்காரத் தம்பி இந்தி கத்துக்கிட்டதே கடையில நின்னுதான்.

எங்க வீட்ல பதினாலு வருசம் கம்பெனிக்குப் போனாங்க. செக்கிங். நின்ன வாக்குலயே வேலை. பீஸை விரிச்சுப் பாக்கறது, ஓட்டை இருக்கா, எண்ணெய்க் கறை இருக்கா, தையல் விட்டிருக்கான்னு பாத்து ஸ்டிக்கர் ஒட்டறது. பொண்ணு படிப்புக்கு அந்தப் பணம்தான் ஆச்சு. நாலஞ்சு வருசத்துல முட்டி புடிச்சுக்கிச்சு. கம்பெனி பக்கத்துல ஒரு கடை. அங்க ஒரு செட்டு போட்டா அரை மணி நேரத்துல வலி காணாம போயிரும். "அந்தக் கடை மாத்திரை கேக்கற மாதிரி டாக்டர் மாத்திரை கேக்கறதில்லீங்க மாமா"ம்பாங்க. கேக்காம என்ன பண்ணும்? மொதல்ல வாரத்துக்கு ஒண்ணு. அப்புறம் நாள் விட்டு நாள். கடைசி மூணு வருசம் தினமும். முகம் கொஞ்சம் உப்புன மாதிரி ஆச்சு. நாங்க என்ன நெனச்சோம்னா, ஒடம்பு தேறிருச்சுன்னு நெனச்சோம். ஒறம்பரை வந்தவங்களும் "அம்மணி நல்லா பூசுனாப்பல இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

2021 ஆகஸ்ட்ல 'மக்களைத் தேடி மருத்துவம்'னு அரசாங்கம் ஆரம்பிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மொதலமைச்சர் தொடங்கி வெச்சார். அடுத்த வருசம் எங்க ஊருக்கும் ஒரு பொண்ணு வந்துச்சு. மகளிர் குழுவுல இருக்கற பொண்ணுதான். கையில பட்டையைக் கட்டி பிரஷர் பாத்துட்டு, மறுபடியும் பாத்துச்சு. அப்புறம் இன்னொரு கையில பாத்துச்சு. "அக்கா, 170க்கு 100 இருக்குதுங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னுச்சு. போனோம். ரத்தம் எடுத்தாங்க. கிரியேட்டினின் 2.1. அப்படின்னா என்னன்னு கேட்டேன். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டற கணக்கு, ஒண்ணை ஒட்டி இருக்க வேண்டியதுன்னு சொன்னாங்க டாக்டரம்மா. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" "ஒண்ணும் சாப்பிடறதில்லீங்க." வீட்டுக்காரி பொய் சொல்லல. செட்டு மாத்திரையை அவங்க மாத்திரைக் கணக்குலயே சேக்கல.

நான்தான் சொன்னேன். டாக்டரம்மா அதைக் கொண்டுவரச் சொன்னாங்க. கவரைப் பிரிச்சு உள்ளங்கையில கொட்டிப் பாத்தாங்க. ஒண்ணு டைக்ளோபினாக், வலிக்கு. ஒண்ணு வயித்துப் புண்ணு வராம இருக்க. ஒண்ணு சத்து மாத்திரை. குட்டியா வெள்ளையா ஒண்ணு இருந்துச்சு. அதை விரல்ல எடுத்து, "இது டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு"ன்னாங்க. முகம் உப்புனது அதனால. பிரஷர் ஏறுனதுக்கும் அதுல பங்கு இருக்கு. தினமும் வருசக்கணக்கா போட்ட வலி மாத்திரை சிறுநீரகத்தைத் தின்னுருச்சு. இதுல இன்னொரு வில்லங்கம் என்னன்னா, அந்தக் குட்டி வெள்ளையை ஒரேயடியா நிறுத்தவும் கூடாதாம். வெளியில இருந்து வந்துக்கிட்டே இருந்ததால ஒடம்பு தானா சுரக்கறதை நிறுத்தியிருக்கும், படார்னு விட்டா மயங்கி விழுந்துருவாங்க, உயிருக்கே ஆபத்துன்னாங்க. வாரம் வாரம் கொஞ்சங்கொஞ்சமா கொறச்சு நிறுத்துனாங்க. அப்ப இருந்து கம்பெனிக்கு அனுப்பல.

கோவத்துல அந்தக் கடைக்குப் போனேன். கடையில ஒரு பையன். இருபது வயசு இருக்கும். பத்தாவது முடிச்சிருக்கான். செவுத்துல கண்ணாடிக்குள்ள பார்மசிஸ்ட் சர்ட்டிபிகேட் மாட்டியிருக்கு, அதுல இருக்கற பேருக்குச் சொந்தக்காரர் யாருன்னே அவனுக்குத் தெரியல. 1948ல வந்த பார்மசி சட்டம், டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் குடுக்கறது பதிவு பண்ணுன பார்மசிஸ்டா இருக்கோணும்னு சொல்லுது. இங்க பார்மசிஸ்டும் இல்ல, டாக்டர் சீட்டும் இல்ல. அந்தப் பையனைத் திட்டறதுக்குப் போனவன் ஒண்ணும் பேசாம திரும்பி வந்துட்டேன். அவனுக்கு மாச சம்பளம். முதலாளி சொல்லிக் குடுத்த செட்டு. அதைத் தேடிப் போயி வாங்குனது நாங்க.

இப்ப எங்க கை காட்டித் தம்பி கதைக்கு வரேன். இவரு டி.பார்ம் படிச்சவர், கடையில அவரே நிக்கறவர். இந்த சித்திரையில ஒரு சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்காரிக்கு பிரஷர் மாத்திரை தீந்து போச்சுன்னு போனேன். வாரச் சம்பள நாளு. கடை முன்னால திருவிழாக் கூட்டம். என்னைப் பாத்ததும், "அண்ணா, சித்தெ உள்ள வந்து உக்காருங்க, கூட்டம் கொறையட்டும்"ன்னார். ஒரு மணி நேரம் ஸ்டூல்ல உக்காந்து வேடிக்கை பாத்தேன். வேடிக்கைன்னு சொல்லக்கூடாது.

ஒரு பொண்ணு வந்து நிக்குது. பக்கத்துல நாலு ஆம்பளைங்க. "அண்ணா... அது..."ன்னு இழுக்குது. தம்பி புரிஞ்சுக்கிட்டு, சத்தம் போடாம, "ஒண்ணுக்குப் போனா எரியுதா?"ன்னு கேக்கறார். தலையை ஆட்டுது. கம்பெனியில கக்கூஸ் போறதுக்கு சூப்பர்வைசர்கிட்ட கேக்கோணும்னு பயந்து தண்ணியே குடிக்காம இருக்கற புள்ளைங்களுக்கு இது வாடிக்கை. அடுத்து ஒருத்தி, கோயில் நோம்பிக்கு தள்ளிப் போடற மாத்திரை. அடுத்து ஒரு தாத்தா, ராத்திரி தூக்கம் வர்றதில்லன்னு. ஒரு டெய்லர், ஊசி ஏறுன வெரலோட. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிமிசம்கூட இல்ல. தம்பி பாத்தார், கேட்டார், குடுத்தார். தாத்தாவுக்கு மட்டும் குடுக்கல, நாளைக்கு மகனைக் கூட்டிட்டு வாங்கன்னுட்டார். அங்க நடந்தது முக்காவாசி சட்டப்படி தப்பு. ஆனா அந்த ராத்திரி அந்த சனத்துக்கு வேற போக்கிடமும் இல்ல. ரெண்டுமே உண்மைங்க.

கடைசியா ஒரு ஒடிசா பையன். நிட்டிங் மிஷின்ல நைட் ஷிப்ட். இருமல் மருந்து வேணும்னான். தம்பி இந்தியில என்னமோ கேட்டார், அவன் விரலை விட்டு எண்ணிக் காட்டுனான். எங்கிட்ட திரும்பி, "அண்ணா, ஒரு மாசமா இருமலாம். வேற கடையில லிவோ மாத்திரை அஞ்சு நாளு போட்டானாம், கொறஞ்சுதாம், மறுபடியும் வந்துருச்சாம்"ன்னார். அவரு முகம் மாறிப் போச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா டி.பி. இருக்கான்னு சளி பாக்கோணும். அந்த லிவோபிளாக்சசின் இருக்கே, அது டி.பி. கிருமியையும் கொஞ்ச நாளைக்கு அமுக்கி வெச்சிரும். ஆளு கொணமாயிட்டோம்னு நெனப்பான். உள்ளுக்குள்ள அது மருந்துக்குப் பழகிக்கிட்டு வளரும். இதெல்லாம் தம்பி அன்னைக்குச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்னா, சுகாதாரத் துறைக்காரங்க மெடிக்கல்காரங்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டிருக்காங்க. டி.பி. மருந்து வாங்க வர்றவங்க விவரத்தைக் கடைக்காரங்களும் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கோணும்னு 2018ல மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கு, அதுக்கான கூட்டம். ஒரே ஒரு மத்தியானம். அந்த ஒரு மத்தியானத்துல கேட்ட விசயம்தான் இந்தப் பையனுக்கு சிரப் குடுக்காம நிறுத்துச்சு.

பையன் ஒத்துக்கல. ஷிப்ட் இருக்குன்னான். கடைசியில நான்தான், திங்கக்கிழமை காலையில தக்காளி கொண்டு போற வழியில உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சைகையில சொன்னேன். சிரிச்சான். தக்காளிப் பொட்டி மேல உக்காத்தி வெச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன். மேல அப்புறம் சொல்றேன்.

என் தங்கச்சி பொண்ணு கனடாவுல டொராண்டோவுல இருக்கு. ஞாயித்துக்கிழமை வீடியோவுல பேசும். இந்தக் கதையைச் சொன்னதும், "மாமா, இங்க பார்மசிஸ்டே மருந்து எழுதிக் குடுப்பாங்க தெரியுமா?"ன்னுச்சு. நான் சிரிச்சுட்டேன். இதுக்கா அவ்வளவு தூரம் போனே, இங்க அம்பது வருசமா அதுதான நடக்குதுன்னேன். "கிண்டல் பண்ணாம கேளுங்க மாமா"ன்னு வெளக்கிச் சொல்லுச்சு.

அவங்க மாகாணம் ஒண்டாரியோ. 2023 ஜனவரி 1ல இருந்து அங்க 13 சின்னச் சின்ன நோவுகளுக்கு பார்மசிஸ்டு தானே பாத்து மருந்து எழுதலாம். கண்ணு செவக்கறது, சுளுக்கு, பூச்சிக்கடி, மூலம், பொம்பளைங்களுக்கு வர்ற நீர்க்கடுப்பு, இப்படி. அதே வருசம் அக்டோபர்ல இன்னொரு ஆறு சேத்துட்டாங்களாம். ஆல்பர்ட்டாவுல 2007லயே ஆரம்பிச்சுட்டாங்க. இங்கிலாந்துல 2024 ஜனவரி 31ல இருந்து ஏழு நோவுக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருக்கு.

இவளுக்கே நீர்க்கடுப்பு வந்தப்ப போயிருக்கா. கவுன்டர்ல வெச்சு கேக்கல, பக்கத்துல ஒரு சின்ன ரூம்புக்குக் கூட்டிட்டுப் போயி கேட்டிருக்காங்க. காய்ச்சல் இருக்கா, முதுகு விலாப்பக்கம் வலிக்குதா, மாசமா இருக்கியா, இதுக்கு முன்ன எப்ப வந்துச்சு, எந்த மருந்து ஒத்துக்காது. மொத மூணுல ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னு சொல்லியிருந்தா மருந்து எழுதாம டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பாங்க. எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கிட்டு, அவங்க குடும்ப டாக்டருக்கும் தகவல் அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள்ல கேக்கலன்னா என்ன பண்ணோணும்னும் சொல்லி அனுப்பியிருக்காங்க.

நான் ஒண்ணு கேட்டேன். "ஏங் கண்ணு, அந்தக் கடைக்காரருக்கு இதுல என்ன வருமானம்?" அதுக்கு அவ சொன்ன பதில் எனக்கு ரொம்ப நாளு ரோசனையாவே இருந்துச்சு. நேர்ல உக்காந்து பாத்துச் சொல்றதுக்கு அரசாங்கம் 19 டாலர் குடுக்குதாம். மருந்து எழுதுனாலும் 19 டாலர், மருந்தே வேண்டாம் போன்னு சொன்னாலும் அதே 19 டாலர்.

இந்த இடத்துல உங்களை எங்க உரக்கடைக்குக் கூட்டிட்டுப் போகோணும். விவசாயிக்கும் ஒரு மெடிக்கல் இருக்குங்க, பூச்சி மருந்துக் கடைதான் அது. செடியில ஒரு இலையைக் கிள்ளிட்டுப் போயி நீட்டுனா, கடைக்காரர் அதைத் திருப்பிக்கூட பாக்காம மூணு பாட்டலை எடுத்து வெப்பார். ஒண்ணு பூச்சிக்கு, ஒண்ணு பூசணத்துக்கு, ஒண்ணு 'டானிக்'. டேங்குல மூணையும் ஒண்ணா ஊத்தி அடிங்கம்பார். அதுவும் செட்டுதான். ஒரு தடவை தக்காளியில இலை சுருண்டு போச்சு. அந்த இலைச்சுருள் நோய் வைரஸ், வெள்ளை ஈ பரப்பறது. வந்த செடிக்கு மருந்தே கிடையாது. புடுங்கிப் போட்டுட்டு ஈயைப் பாக்கோணும். எனக்கு பூசண மருந்து ரெண்டு ரகம் குடுத்து அடிக்க வெச்சார். நாலாயிரம் போச்சு. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் குடுக்கற கதைதான்.

அப்படி இருந்த மனுசன் ஒரு வருசம் வாரத்துல ஒரு நாள் கடையைச் சாத்திட்டு வகுப்புக்குப் போனார். 'தேசி'ன்னு அதுக்குப் பேரு. வேளாண் இடுபொருள் விக்கறவங்களுக்குன்னே ஹைதராபாத்துல இருக்கற மேனேஜ் நிறுவனம் 2003ல கொண்டுவந்த பட்டயப் படிப்பு. 48 வாரம். 40 நாள் வகுப்பு, 8 நாள் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நேர்ல காட்டறது. முப்பது வருசம் கடை நடத்துனவருக்கு என்னடா புதுசா சொல்லித் தரப் போறாங்கன்னு நாங்க எகத்தாளம் பேசுனோம். ஆனா வித்தியாசம் தெரிஞ்சுது. இலையைத் திருப்பிப் பாக்க ஆரம்பிச்சார். கையில ஒரு பூதக்கண்ணாடி வந்துச்சு. எத்தனை நாள் பயிரு, பக்கத்துக் காட்டுல என்ன, தண்ணி எப்ப கட்டுனீங்கன்னு கேக்க ஆரம்பிச்சார். "இதுக்கு மருந்து இல்லீங்க, புடுங்கிருங்க"ன்னு ஒரு நாள் அவரு வாயால கேட்டப்ப எனக்கு ஆச்சரியமாப் போச்சு.

முழுசா மாறிட்டாருன்னு சொல்ல மாட்டேன். கம்பெனிக்காரன் டார்கெட் வெச்சு, இத்தனை பெட்டி வித்தா இன்ன ஊருக்கு டூர்னு சொல்ற மாசத்துல அந்தப் பூதக்கண்ணாடி மேசைக்குள்ள போயிரும். நோவைச் சொல்றவரும் மருந்தை விக்கறவரும் ஒரே ஆளா இருக்கற வரைக்கும் இந்தத் தொல்லை இருக்கத்தான் செய்யும். அதனாலதான் அந்த 19 டாலர் சமாச்சாரம் எனக்கு அவ்வளவு பெருசாப் பட்டுச்சு.

இதையெல்லாம் ஒரு நாள் பொழுதோட கை காட்டித் தம்பிகிட்ட சொன்னேன். கூட்டம் இல்ல. "உனக்கும் ஒரு வருசம் வகுப்பு எடுத்து, இந்த இந்த நோவுக்கு நீயே எழுதலாம்னு சட்டமே குடுத்தா செய்வியா?"ன்னு கேட்டேன்.

ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "அண்ணா, மொதல்ல ரூம்பு வேணும். இந்தக் கடை பத்துக்குப் பன்னெண்டு. பொண்ணு புள்ளைங்க வந்து நாலு பேரு முன்னால என்ன சொல்லும்? ரெண்டாவது ஆளு வேணும். நான் உள்ள ஒருத்தரைப் பாத்துக்கிட்டிருந்தா கவுன்டர்ல யாரு நிப்பா? அதுவும் படிச்ச ஆளா இருக்கோணும். மூணாவது, நான் ஒருத்தரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புனா அங்க இருக்கறவங்க, மெடிக்கல்காரன் சொன்னானாக்கும்னு கேலி பேசாம பாக்கோணும். என் சீட்டுக்கு ஒரு மதிப்பு இருக்கோணும்"ன்னார்.

"வகுப்பு?"

"அதைக் கடைசியா சொல்லலாம்னு இருந்தேன். நான் டி.பார்ம் ரெண்டு வருசம் படிச்சேன். எந்த மருந்து என்ன பண்ணும்னு தெரியும். நோவாளியைத் தொட்டுப் பாத்ததே இல்ல. தொண்டையில டார்ச் அடிச்சுப் பாத்தா எது வெறும் புண்ணு, எது சீழுன்னு யாரும் எனக்குக் காட்டிக் குடுக்கல. அந்த எட்டு நாள் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு சொன்னீங்களே, அந்த மாதிரி ஆஸ்பத்திரியில டாக்டர் பக்கத்துல நிக்க வெச்சாங்கன்னா நான் இப்பவே கடையைச் சாத்திட்டுப் போவேன்."

அப்புறம் ஒரு நோட்டை எடுத்துக் காட்டுனார். 2014ல இருந்து நடைமுறையில இருக்கற எச்-1 பட்டியல் நோட்டு. வீரியமான சில ஆன்டிபயாடிக், டி.பி. மருந்து, பழக்கமாகற மாத்திரை எல்லாம் அந்தப் பட்டியல்ல வரும். வித்தா எழுதுன டாக்டர் பேரு, நோவாளி பேரு, மருந்து, எத்தனைன்னு எழுதி மூணு வருசம் பத்திரமா வெக்கோணும். அட்டையில செவப்புக் கோடு போட்டிருக்கறதைப் பாத்திருப்பீங்க, அது டாக்டர் சீட்டு இல்லாம வாங்காதேன்னு சொல்றதுக்கு. நம்ம பூச்சி மருந்து டப்பாவுல செவப்பு முக்கோணம் இருக்கற மாதிரி. தம்பி நோட்டு ஒழுங்கா இருந்துச்சு. "இதை ஒழுங்கா எழுதறதால எனக்கு யாவாரம் பாதி. அந்தப் பசங்க அடுத்த கடைக்குப் போறாங்க. அங்க நோட்டும் இல்ல, கேள்வியும் இல்ல"ன்னார்.

டாக்டர்மாரும் இதுக்கு லேசுல ஒத்துக்க மாட்டாங்க. டாக்டருக்குப் படிக்காத சுகாதார ஊழியர்களுக்கு அளவான மருத்துவ அனுமதி குடுக்கலாம்னு 2019ல தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்துல ஒரு பிரிவு வந்தப்ப நாடு முழுக்க ஓ.பி.யை மூடிப் போராட்டம் பண்ணுனாங்க. அவங்க பயத்துலயும் நியாயம் இருக்கு. வீட்டுக்காரி முகம் உப்புனதை மூணு வருசம் பாத்தவன் நான், பயம் தேவையில்லன்னு எப்படிச் சொல்வேன்? ஆனா மெடிக்கல்காரங்க நேத்தும் எழுதுனாங்க, இன்னைக்கு ராத்திரியும் எழுதுவாங்க. அதைப் படிப்போட, நோட்டோட, ரூம்போட, கணக்கோட செய்யச் சொல்லலாமா, இல்ல காகிதக் கவருலயே விட்டுரலாமாங்கறதுதான் என் கேள்வி.

2025 பிப்ரவரி 24ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க ஆயிரம் 'முதல்வர் மருந்தகம்' தொறந்தாங்க. பார்மசி படிச்சவங்களுக்கு மூணு லட்சம் மானியம் குடுத்து கடை வெக்கச் சொன்னாங்க. விலை கொறவு, நல்ல காரியம். எனக்கு ஒரு பொறுக்காத ஆசை, அதுல ஒரு நூறு கடையில மட்டும் ஒரு மூலையில தடுப்பு வெச்சு, ரெண்டு நாற்காலி போட்டு, அஞ்சே அஞ்சு நோவுக்கு இப்படிச் செஞ்சு பாத்தா என்ன? ரெண்டாவது நாற்காலி முக்கியம். எங்க ஊர்ல எந்த மெடிக்கல்லயும் நோவாளி உக்காந்து நான் பாத்ததில்ல.

அந்த ஒடிசா பையனை விட்டுட்டேன். சளி பரிசோதனையில டி.பி. இருக்குதுன்னு வந்துச்சு. நல்லவேளை, மருந்துக்கு மசியாத ரகம் இல்ல. ஆறு மாச மாத்திரை, முழுக்க இலவசம். சாப்பாட்டுச் செலவுக்கு மாசம் ஆயிரம் ரூபா பேங்குல போடறாங்க, முன்ன ஐநூறா இருந்தது 2024 நவம்பர்ல இருந்து ஆயிரம். கூட ரூம்புல இருந்த ஏழு பேரையும் கூப்பிட்டுப் பாத்தாங்க, இன்னொருத்தனுக்கும் இருந்துச்சு. பையன் இப்ப தேறிட்டான். போன வாரம் கடலைக்காய் புடுங்கறப்ப லீவு நாள்னு வந்து கூட நின்னான், கூலி வாங்க மாட்டேன்னுட்டான். பச்சைக் கடலைக்காய் ஒரு பை குடுத்து அனுப்புனேன்.

அன்னைக்கு வீட்டுக்காரியும் காட்டுக்கு வந்துட்டாங்க. வேண்டாம்னு சொன்னாக் கேக்கறதில்ல. நாள் முழுக்க குனிஞ்சு நிமுந்து வேலை. ராத்திரி முட்டியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. டாக்டரம்மா பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கை காட்டித் தம்பிக்கும் அது தெரியும், அவங்க கேட்டாலும் குடுக்க மாட்டார். ரெண்டு தடவை கேட்டுப் பாத்து, "உங்கிட்ட மனுசத்தன்மையே இல்ல"ன்னு திட்டிட்டு வந்திருக்காங்க. வெந்நீர் வெச்சு ஒத்தடம் குடுத்தேன். காலையில எந்திரிச்சு சுறுசுறுப்பா வாசல் கூட்டிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு சந்தோசமா இருந்துச்சு.

மத்தியானம் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கறதுக்கு சில்லறை வேணும்னு அவங்க சுருக்குப் பையை எடுத்தேன். உள்ள ஒரு காகிதக் கவரு. பிரிச்சுக் கையில கொட்டுனேன். நாலு மாத்திரை. குட்டி வெள்ளையும் இருந்துச்சு.

எந்தக் கடையிலன்னு கேட்டேன். சொல்லல. "கம்பெனிக்குப் போற புள்ளைகிட்ட சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்குத்தானுங்க மாமா"ன்னாங்க.